கொஞ்சம் வெளிய இருங்க ஐயா

நெய்வேலியில் என்னை வெளியே நிற்கவைத்த அதிகாரிகள் நிறையப் பேர். முப்பது வயது வரைக்கும் கதவுக்கு வெளியேதான் நின்றேன். அதற்குப் பிறகு அவர்களே எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்கள். ஆனால் நான் கட்டின வீட்டில், நான் வாங்கிப் போட்ட கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் வெளிய இருங்க ஐயா" என்று என்னிடமே சொன்னவர் ஒருவர்தான். ஒரு நர்சம்மா. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "என்னைக் கேட்டீங்களா?" என்பார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் கோபம் புரியும். எனக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். எட்டாவது பெயில். பதினேழு வயதில் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக இறங்கினேன். கரி கொண்டுபோகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை அள்ளித் திரும்ப மேலே போடுகிற வேலை. அள்ளிக்கொண்டே இருந்தவன், அள்ளுவதற்கு ஆள் வைக்கிறவன் ஆனேன். அறுபது பேர், மூன்று டிப்பர் லாரி, வடலூர் ரோட்டில் மாடி வீடு. யார் தயவும் கிடையாது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு டெண்டர் பாரத்தை மேலும் கீழும் பார்த்தே எதில் வம்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். படித்த இன்ஜினியர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் ஒன்று சொன்னால் நடக்கும். வெளியேயும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்தபோதும் நான் சொன்னேன்: அல்சர். அவளிடம் அதைத்தான் சொன்னேன், பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கும் அதே உத்தரவு. அந்த இன்னொரு வார்த்தை என் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. புதுச்சேரிக்குப் போனோம், சென்னைக்குப் போனோம், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டிற்று. கடைசியில் புதுச்சேரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வீட்ல வெச்சுப் பாத்துக்குங்க. வலி இல்லாம இருந்தாப் போதும். உங்க பக்கத்துல ஒரு டிரஸ்ட் இருக்கு, நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க" என்றார். என் மகள் மேல்பட்டாம்பாக்கத்தில் தன் வீட்டைப் பூட்டிவிட்டுப் பையோடு வந்து சேர்ந்தாள்.

நர்சம்மா ஒரு ஸ்கூட்டரில் வந்தார். நாற்பது வயது இருக்கும். பின்சீட்டில் ஒரு நீல பிளாஸ்டிக் பெட்டி, சைக்கிள் டியூபால் கட்டியிருந்தது. உள்ளே வந்ததும் குழாய் எங்கே என்று கேட்டு, சொந்த சோப்பில் முழங்கை வரை கழுவி, சொந்தத் துண்டில் துடைத்துக்கொண்டார். நான் குஷன் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அதைத் தாண்டிப் போய் ஸ்டூலில், என் மனைவியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"பேரு சொல்லுங்கம்மா."

நான் சொன்னேன்.

"வயசு?"

"அறுபத்திரெண்டு" என்றேன்.

"எங்க வலிக்குது?"

"வயித்துலங்க. அல்சரு" என்று சொல்லி, அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணைக் காட்டினேன்.

"ராத்திரி தூங்கினீங்களாம்மா?"

"தூங்கினா, தூங்கினா."

நர்சம்மா பேனாவை மூடினார். "ஐயா, விட்டா அம்மாவுக்கு மூச்சும் நீங்களே வுட்டுடுவீங்க போல. அவங்க சொல்லட்டும். கொஞ்சம் வெளிய இருங்க ஐயா."

என் மனைவி சிரித்தாள். நாலு மாதமாகச் சிரிக்காதவள், அதற்குப் போய்ச் சிரித்தாள். நான் வராந்தாவில் வந்து நின்றேன். முதுகெல்லாம் எரிந்தது.

"என் வூட்ல என்னையே வெளிய போன்னு சொல்றா, பாத்தியா?" என்று மகளிடம் சொன்னேன்.

"மெள்ளப் பேசுங்கப்பா. காதுல வுழுவுது."

"வுழட்டும்."

"எனக்கு வுழுவுதுன்னு சொன்னேன்" என்றாள் மகள். அவளும் கிண்டல்.

அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் நான் வெளியே. கதவைச் சாத்த மாட்டார், ஒருக்களித்து வைப்பார். நான் ஜன்னல் ஓரமாக மோட்டார் சுவிட்சைப் பார்ப்பதுபோல நிற்பேன். குசுகுசுவென்று என் மனைவியின் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. நடுவில் சிரிப்பு. சாகக் கிடக்கிறவளுக்கும் ஊசி போட வந்தவளுக்கும் என்ன சிரிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாற்பது வருஷம் என்னோடு இருந்தவள் என்னிடம் அத்தனை நேரம் சேர்ந்தாற்போலப் பேசினதே இல்லை.

ஒரு டீ விஷயம் சொல்கிறேன். என் வீட்டுக்கு வருகிறவர்கள் டீ குடிக்காமல் போனதில்லை. முதல் நாளே மகளிடம், "நர்சம்மாவுக்கு டீ போடு" என்றேன். நர்சம்மா, "வேணாங்க" என்றார். மறுமுறையும் வேண்டாம். மூன்றாம் முறை, "எங்க வூட்டு டீ குடிச்சா கௌரவம் கொறைஞ்சிடுமா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கட்டிலைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, நான் டீ குடிக்கலாமா?"

என் மனைவி தலையணையில் கொஞ்சம் எழும்பினாள். "இஞ்சி தட்டிப் போடச் சொல்லுங்க. பால் காலைல வாங்கினது வேணாம், அது திரிஞ்சிருக்கும். புதுப் பாக்கெட்டு ரெண்டாவது தட்டுல இருக்குது. அந்தச் சின்ன எவர்சில்வர் டம்ளர்ல குடும்மா, பெருசுல ஆறிப் போவும்."

அந்தக் குரலைக் கேட்டு அடுப்படியில் இருந்த மகள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நர்சம்மா ஒருநாளும் டீயை விட்டதில்லை. என் மனைவி சொன்னால்தான் குடிப்பார். நான் சொன்னால் குடிக்க மாட்டார். நான் கொடுக்கிற டீயில் என்ன குறை என்று இன்றுவரை எனக்கு ஆத்திரம்தான்.

தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். செய்தார். வலியை அளக்க அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியவில்லை என்றால் பத்து. முதல் நாளே விளக்கியிருந்தார். ஒரு புதன்கிழமை வர முடியாமல் போனில் கூப்பிட்டு, "இன்னைக்குப் பத்துக்கு எவ்ளோம்மா?" என்று கேட்டார். என் மனைவி அன்று கொஞ்சம் தெளிவாக இருந்தாள், இரண்டு வாய் கஞ்சிகூடக் குடித்திருந்தாள். "எட்டு" என்றாள். நர்சம்மா டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கூட்டிச் சொன்னார். கூட்டிக் கொடுத்தோம். இவள் ஒன்றரை நாள் கண்ணே திறக்கவில்லை.

நான் போனில் கத்தின கத்தலில் அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். உச்சி வெயிலில் நர்சம்மா வந்தார். கழுவினார், துடைத்தார், ஸ்டூலில் உட்கார்ந்து, இவள் கண் திறக்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"அம்மா, அன்னைக்கு எட்டுன்னு சொன்னீங்களே, எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சேம்மா. அதான் எட்டு."

"நல்லா இருந்தா எட்டா?"

"பின்ன? ரெண்டு மார்க்குன்னு சொன்னா இவரு வூட்டுக்குள்ள வுடுவாரா? பெத்த பொண்ணையே வெளிய நிறுத்தி வெச்சவரு." மகளைக் கண்ணால் காட்டினாள்.

உண்மைதான். நான் எட்டாவது பெயில். என் மகள் பெயிலாகக் கூடாது என்று ரேங்க் கார்டு வருகிற நாளெல்லாம் வாசலில் நின்று பார்ப்பேன். மார்க் குறைந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான், சோறு கிடையாது. அதனால்தான் அவள் இன்று டீச்சர். அதைத் தப்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வலிக்குக்கூட இந்த வீட்டில் மார்க் போட்டுத்தான் பழக்கம் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"தப்பு என்னுதுங்க ஐயா. போன்ல கேட்டிருக்கக் கூடாது. நேர்ல பாத்துக் கேக்கணும்" என்றார் என்னிடம். சுரங்கத்தில் நான் பார்த்த ஒரு ஆள்கூடத் தன் தப்பை அப்படி எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டதில்லை. நான் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாயிலேயே நின்றுபோயிற்று. அதுவும் ஒரு எரிச்சல்.

அன்றோடு நம்பரை விட்டுவிட்டார். "அம்மா, இன்னைக்கு எழுந்து கோலம் போடலாம்னு தோணுதா? இல்ல, உக்காந்து வெங்காயம் உரிக்கற அளவுக்கா? இல்ல, செவுத்தைப் பாத்துப் படுத்துக்கினா போதும்னு இருக்கா?" இவள் ஒன்றைச் சொல்வாள். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார். வீட்டிலும் அதே பேச்சாகிவிட்டது. "அப்பா, அம்மா இன்னைக்கு வெங்காயம்" என்பாள் மகள். கோலம் மூன்றே நாள்தான் வந்தது.

அந்த ஒன்றரை நாள் தூக்கம் எனக்குள்ளே ஒரு பயத்தைப் போட்டுவிட்டது. அது போதை மருந்து, கேட்டுக் கேட்டு வாங்கும்படி ஆகிவிடும் என்று டிப்பர் டிரைவர் ஒருத்தன் வேறு சொன்னான். நான் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலே நாளில் நர்சம்மா கண்டுபிடித்துவிட்டார். எப்படி? அவளைத்தான் கேட்டிருக்கிறார்.

வராந்தாவுக்கு வந்து என் எதிரே நின்றார். "ஏங்க ஐயா பாதி குடுக்கறீங்க?"

"பழகிப் போச்சின்னா? அதுக்கு அடிமையாயிடுவா."

"எத்தனை வருஷத்துக்கு?"

கேட்டுவிட்டு நகராமல் நின்றார். கரி பெல்ட்டுக்கு அடியில் ஒருமுறை என் வேட்டி மாட்டிக்கொண்டபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. உள்ளே போய் உடைத்து வைத்திருந்த துண்டுகளை எல்லாம் எடுத்து அவர் கையில் கொட்டினேன். "நாலு நாளா அவங்க செவுத்தைப் பாத்துத்தான் படுத்திருந்தாங்க. உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டார். சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அல்சர் விஷயத்தில் மட்டும் அவரை என் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று பார்த்தேன். "கேட்டா அல்சருன்னே சொல்லிடுங்க" என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "நானாப் போய் ஒன்னும் சொல்ல மாட்டேங்க. ஆனா அவங்களா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "அவங்க கேட்டாங்களா?" என்று ஒவ்வொரு முறையும் ஸ்கூட்டர் கிளம்பும்போது வழி மறித்துக் கேட்பேன். "அது அவங்க பேச்சுங்க" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார்.

என் மகளையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் அவளை உட்காரவைத்து, "நீங்க தலைக்கு ஊத்திக்கினு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். அவள் அழுதுவிட்டாள். பதினான்கு நாள். நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன், கவனிக்கவில்லை. "போய் நிதானமாக் குளிச்சுட்டு வாங்க, அதுவரைக்கும் நான் இருக்கேன். ஐயா, நீங்க இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைக்கக் கற்றுக்கொடுத்தார். என் கை மண்வெட்டி பிடித்த கை. பஞ்சை அழுத்திவிட்டேன். "மெள்ள" என்றாள் மனைவி. "இந்த வூட்ல இவரு பெர்மனென்ட்டு, நான்தான் கான்ட்ராக்ட்டுன்னு இருந்தேம்மா. இப்பப் பாரு, இவரு எனக்கு ஹெல்பரு" என்று நர்சம்மாவிடம் சொன்னாள். அதற்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்புறம் மூன்று நாள் சேர்ந்தாற்போலச் சுவர். மாத்திரை எடுபடவில்லை, முனகல். எனக்குக் கை கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாது. டாக்டரைக் கேட்டு வேறு மருந்துக்கு ஏற்பாடு செய்வதாக நர்சம்மா சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. தெரிந்தவர்களைப் பிடித்துச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியூவில் படுக்கை வாங்கிவிட்டேன். ஆம்புலன்ஸ் காலை ஒன்பது மணிக்கு வாசலில் நின்றது. மனைவியிடம் செக்கப் என்று சொல்லியிருந்தேன். மகள் துணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டர் வந்து நின்றது.

"அம்மாவைக் கேட்டீங்களா?" என்றார் நர்சம்மா.

"அவளுக்கு என்னா தெரியும்? உசுரக் காப்பாத்தப் போறேன், அதுக்கு அவளைக் கேக்கணுமா?"

"கேட்டீங்களா?"

"வண்டி நிக்குதும்மா!"

"நிக்கட்டும். ஐசியூவுக்குள்ள உங்களையும் உங்க பொண்ணையும் விட மாட்டாங்க. அது தெரிஞ்சு அவங்க சரின்னா நானே தூக்கி வண்டியில ஏத்தறேன். வாங்க, கேளுங்க. நானும் இருக்கேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ந்தா, சென்னைக்குப் போறோம்" என்றேன்.

"அது கேள்வி இல்லீங்க" என்றார் நர்சம்மா.

"போனா சரியாயிடும். போலாமில்ல?"

"அதுவும் கேள்வி இல்லீங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்டூலைத் தூக்கி வெளியே வீசியிருப்பேன். அறுபது ஆளை மேய்த்தவனுக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று ஒரு பொம்பளை, என் மகள் முன்னால், ஆம்புலன்ஸ் டிரைவர் வாசலிலிருந்து எட்டிப் பார்க்கும்போது. குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டேன்.

"உனக்கு எங்க இருக்கணும்?"

அவள் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள்.

"இங்கதான்."

"அங்க பெரிய டாக்டருங்க..."

"அல்சருக்கு யாருங்க ஐசியூல படுக்க வெப்பாங்க?" என்றாள். "அல்சருக்கு முடி கொட்டுமா? நான் அஞ்சாங்கிளாசுதான். அது தெரியாதா எனக்கு? போன தீவாளிக்கே தெரியும். நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டுச் சொல்றீங்களேன்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

நான் வாசலுக்குப் போய் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டேன். டிரைவர் ஏதோ கேட்டான், நான் அவனுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நர்சம்மா அங்கேயே உட்கார்ந்து டாக்டரிடம் போனில் பேசி, மருந்தை மாற்றி, ஊசியாகத் தோலுக்கு அடியில் போட்டார். சாயங்காலம் என் மனைவி, "வெங்காயம்" என்றாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் கட்டிலை விட்டு நகரவில்லை. பஞ்சு நனைத்தேன், காலைப் பிடித்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் பிற்பகல், சுரங்கத்தில் ஜெனரல் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு முன்னால், மகள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, முனகல் இல்லாமல் போய்விட்டாள்.

நர்சம்மா வந்து கை கழுவினார். கண்ணை மூடிவிட்டுத் தாடையைக் கட்டினார். அப்புறம் மகளிடம், "பீரோவுல கீழ்த் தட்டுல மாம்பழக் கலர்ப் பொடவை ஒன்னு இருக்கும், அதைக் கட்டச் சொன்னாங்க" என்றார். மகள் எடுத்து வந்தாள். நான் அந்தப் புடவையைப் பார்த்ததே இல்லை. எப்போது வாங்கினாள், யார் வாங்கித் தந்தது, எதுவும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் டிரஸ்ட் ஆபீசுக்குப் போனேன். ஒரு கடைக்கு மேலே ஒரே ரூம். நர்சம்மா நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார்.

"அவ உங்ககிட்ட என்னென்ன சொன்னா?" என்று கேட்டேன். "அந்தப் பொடவை யாரு குடுத்தது? எதுக்குச் சிரிப்பீங்க? என்னைப் பத்தி என்னா சொன்னா?"

"அது அவங்க என்னை நம்பிச் சொன்னதுங்க ஐயா. எடுத்துக் குடுக்க எனக்கு உரிமை இல்ல."

"நான் புருஷன்!"

"தெரியுங்க."

"அப்ப நான் யாரைப் போய்க் கேக்கறது? அவளையா கேக்க முடியும் இனிமே?" மேஜையைத் தட்டினேன். பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து நின்றார்.

நர்சம்மா குரலை உயர்த்தவில்லை. "பதினோரு நாள் இருந்தாங்களேங்க ஐயா. நல்லாப் பேசுற தெம்போட அஞ்சாறு நாள் இருந்தாங்க. நீங்க பக்கத்துலயேதானே இருந்தீங்க?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வருஷமே அவர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பார்த்தால் இன்னொரு தடவை சண்டை போடுவேன்.

அந்தப் பதினோரு நாளில் நான் அவளிடம் சொன்னதெல்லாம் எனக்கு அச்சுப் பிசகாமல் நினைவிருக்கிறது. முதல் கான்ட்ராக்ட் எடுத்த கதையைச் சொன்னேன். ஒரு இன்ஜினியரை மீட்டிங்கில் மடக்கினதைச் சொன்னேன். மாடி கட்டும்போது மேஸ்திரி செய்த ஏமாற்றைக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். எந்த டிப்பரை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று யோசனை சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது என்று யோசித்தால், தண்ணீர் கேட்டாள். ஒருமுறை பேன் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். ஒருநாள் மத்தியானம், "ஏங்க" என்று கூப்பிட்டாள். நான் மேஸ்திரி கதையில் பாதியில் இருந்தேன். "இரு, முடிச்சிடறேன்" என்றேன்.